ஒரு எருமை, ஒரு மரநாய், ஒரே ராத்திரி: சின்னதா ஒரு அடல்ட் விஷுவல் நாவல் செஞ்சு முடிக்கிறதுக்கு முழு வழிகாட்டி

விலங்கு முகம், மனுஷ வாழ்க்கை, பெரியவங்களுக்கான விஷயம், நீளம் மொத்தமே 40 நிமிஷம். இப்படி ஒரு விஷுவல் நாவலை, அதாவது படமும் சத்தமுமா கிளிக் பண்ணி பண்ணி படிக்கிற கதைய, ஒத்தை ஆளா ஆரம்பத்துல இருந்து ரிலீஸ் வரைக்கும் எப்படி கொண்டுபோறதுன்னு என் ப்ராஜெக்டையே உதாரணமா வச்சு சொல்றேன். விஷுவல் நாவல் செய்யுறதுக்குன்னே இருக்குற ரென்பைங்கற மென்பொருள்ல பண்ணது. கோடிங் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதுறேன், படம் வரையத் தெரிஞ்சா நல்லது, தெரியலன்னாலும் நிழலுருவம் வச்சே பண்ணலாம், அதை பின்னாடி சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடணும். அடல்ட்னா உடம்பு காட்டுறது மட்டும்னு நினைச்சு ஆரம்பிச்சா அந்த வேலை பாதியிலயே சப்புன்னு ஆயிடும். கல்யாணம் முறிஞ்சது, கடன், 40 வயசுல வர்ற தனிமை, ஒருத்தர தொடணும்னு தோணியும் தொடாம இருக்குறது, இதெல்லாம்தான் பெரியவங்க விஷயம். உடலுறவு காட்சி வரலாம் வராம போகலாம், வந்தா அது கதைய ஒரு படி நகத்தணும்.

வயசு, சட்டம்: இதை முதல் நாளே முடிங்க

பாத்திரங்க எல்லாரும் 18க்கு மேல. எழுத்துல வயசு போட்டா மட்டும் போதாது, வரையுறதுலயும் பெரியவங்களா தெரியணும். விலங்கு பாத்திரம்னாலே பெரிய தலை, குட்டி உடம்பு, உருண்டை கண்ணுன்னு கை தானா போயிடும், அடல்ட் கதைல அந்த ஸ்டைலே வேண்டாம். இதுல எந்த சமாதானமும் கிடையாது.

இந்தியாவுல இருந்து வெளியிடுறீங்கன்னா 2000ம் வருஷ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 67, 67ஏ பிரிவ ஒரு தடவை படிச்சிடுங்க. ஆபாசமானத மின்னணு வழியா வெளியிட்டா 67ல முதல் தடவைக்கு 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், பாலியல் செயலை வெளிப்படையா காட்டினா 67ஏல 5 வருஷம், 10 லட்சம் வரைன்னு இருக்கு. இலக்கியம், கலைன்னு நியாயப்படுத்த முடிஞ்சதுக்கு விலக்கு இருக்கு, ஆனா அது கேஸ் வந்ததுக்கு அப்புறம் கோர்ட்ல வாதாடுற விஷயம், நமக்கு முன்கூட்டியே கிடைக்கிற கவசம் இல்ல. அதனால நான் எடுத்த முடிவு, நெருக்கமான காட்சி எல்லாம் எழுத்துலயும் சத்தத்துலயும் நடக்கும், படத்துல கை, முதுகு, சுவர்ல விழுற நிழல், அவ்ளோதான். ஆரம்பத்துல இதை கட்டாயத்துக்காக செஞ்சேன், எழுத எழுத கதைக்கே இதுதான் நல்லதுன்னு புரிஞ்சது, ஏன்னா வாசிக்கிறவங்க மனசு அங்க தானா வேலை செய்யுது.

எந்த விலங்கு, ஏன்

இங்கதான் ரொம்ப பேர் அவசரப்படுறாங்க. நரின்னா தந்திரம், கழுதைன்னா மக்கு, சிங்கம்னா ராஜா, இது சின்ன வயசுல இருந்து நாம கேட்ட கதைங்க குடுத்த முத்திரை. அதையே எடுத்தா வாசகருக்கு முதல் திரையிலயே எல்லாம் தெரிஞ்சு போயிடும். அப்புறம் இன்னொரு தப்பு, மனுஷக் கதைய அப்படியே எழுதிட்டு மேல காதும் வாலும் ஒட்டுறது. நான் எப்பவும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: இந்த ரெண்டு பேரும் மனுஷங்களா இருந்தா இந்தக் கதை அப்படியே நடக்குமா? நடக்கும்னா விலங்கே தேவையில்ல.

நமக்கு இதுக்கு வழிகாட்ட சங்கப் பாட்டே இருக்கு. அகநானூறு 46ம் பாட்டு, அள்ளூர் நன்முல்லையார் எழுதினது. ராத்திரி ஊரே தூங்குற நேரத்துல ஒரு எருமை சேத்துல நிக்க பிடிக்காம கட்டுன கயித்த அறுத்துட்டு, முள்வேலிய கொம்பால தள்ளிட்டு, குளத்துல மீனெல்லாம் சிதறி ஓட உள்ள இறங்கி, வள்ளைக் கொடிய மிதிச்சு தாமரைய மேயுது. அப்படிப்பட்ட ஊர்க்காரனேன்னு கூப்பிட்டுத்தான் தோழி தலைவன்கிட்ட பேச ஆரம்பிக்கிறா. வீட்ட விட்டு பரத்தைகிட்ட போன புருஷனப் பத்தி எருமைய வச்சே எல்லாம் சொல்லியாச்சு. உள்ளுறைன்னு நாம பள்ளிக்கூடத்துல மார்க்குக்காக படிச்சது இதுதான். விலங்கு செய்யுற காரியமே மனுஷன் மறைக்கிற விஷயத்த சொல்லுது. இந்தப் பாட்டுல இருந்துதான் என் எருமை வந்துச்சு.

மருது, எருமை, 41 வயசு. பொன்னி, மரநாய், 36 வயசு. 11 வருஷம் சேந்து வாழ்ந்துட்டு பிரியுறாங்க, வாடகை வீட்ட காலி பண்ற கடைசி ராத்திரி, விடிகாலை 5 மணிக்கு லாரி வரும். மரநாய் ராத்திரில நடமாடுற பிராணி, தனியா திரியும், கூரைக்குள்ள குடியிருக்கும், வாசனைய விட்டு தன் எல்லைய குறிக்கும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி கம்மி, அதனாலதான் தண்ணியும் சேறும் தேடுது. இந்த ரெண்டு உடம்பையும் ஒரே வீட்டுல வச்சா சண்டை எழுத தனியா யோசிக்கவே வேண்டாம்: அவ முழிச்சிருக்கும்போது அவன் தூங்குறான், அவ வாசனை இருக்குற தலையணைய அவன் மூட்டை கட்டணும், பாத்ரூம் தண்ணித் தொட்டி யாருக்குன்னு சண்டை. படுக்கையறை கதவு நிலைக்கால்ல அவன் கொம்பு இடிச்சு இடிச்சு ஒரு பள்ளம் விழுந்திருக்கு, கொம்பு வலிக்கக் கூடாதுன்னு என்னைக்கோ அவ அதுல தேங்காநார் கயிறு சுத்தி வச்சிருக்கா. வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல பிடிப்பாருன்னு இப்ப அந்தக் கயித்த அவிழ்க்கணும். கதையோட மையக் காட்சி அதுதான், அதுல ஒரு டயலாக் கூட இல்ல.

பரிசோதனைன்னா ஒரே ஒரு விதி

நேர்கோட்டுல போகாத கதை, நாலு பேர் பார்வை, உடையுற திரை, வாசகர்கிட்ட நேரா பேசுற பாத்திரம், இப்படி எல்லாத்தையும் ஒரே குட்டி நாவல்ல கொட்டுனா படிக்கிறவங்களுக்கு தலை சுத்தும், நமக்கும் முடிக்க முடியாது. ஒரு விதி வையுங்க, அதை கடைசி வரைக்கும் மீறாதீங்க. அந்த விதி நீங்க தேர்ந்தெடுத்த விலங்கோட உடம்புல இருந்து வந்தா இன்னும் நல்லது.

எருமை அசை போடுற பிராணி, வயிறு நாலு அறை. நம்ம பேச்சுலயே பழசை அசை போடுறதுன்னு சொல்றோம்ல, அதான் என் விதி. டயலாக் பெட்டி ஓரத்துல "அசை போடு"ன்னு ஒரு பட்டன், அதை அழுத்தினா மருது ஒரே நினைவுக்கு திரும்பி போவான், மொத்தம் 4 தடவை போக முடியும், ஒவ்வொரு தடவையும் அது வேற மாதிரி இருக்கும். வரி இப்படி மாறுது:

முதல் தடவை: "அன்னைக்கு அவ ஒண்ணும் சொல்லாம போயிட்டா."
ரெண்டாவது: "அன்னைக்கு அவ கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னா."
மூணாவது: "அன்னைக்கு அவ என் பேர் சொல்லி கூப்பிட்டா."
நாலாவது: "அன்னைக்கு நான் முழிச்சுதான் இருந்தேன்."

இவ்ளோதான் பரிசோதனை. வேற கிளைக்கதை, அஞ்சு முடிவு, எதுவும் இல்ல. முடிவு ஒண்ணுதான், லாரி வருது. எத்தனை தடவை அசை போட்டீங்கங்கறத பொறுத்து கடைசி காட்சில மருது வாய் திறக்குறானா இல்லையாங்கறது மட்டும் மாறும்.

எழுதுற ஸ்டெப்

ரென்பைய திறக்குறதுக்கு முன்னாடி முழுக் கதையையும் சாதா டாக்குமென்ட்ல எழுதி முடிச்சிடுங்க. தமிழ்ல 5000ல இருந்து 6000 வார்த்தை போதும், அதுக்கு மேல போனா சின்னதுங்கற பேரு போயிடும். விஷுவல் நாவல்ல ஒரு தடவைக்கு ஒரு பெட்டி அளவுதான் தெரியும், நம்ம எழுத்து அகலம் ஜாஸ்தி, வார்த்தையும் ஒட்டி ஒட்டி நீளமா போகும், அதனால ஒரு கிளிக்குக்கு 12ல இருந்து 15 வார்த்தைக்குள்ள நிறுத்துங்க. நீளமா பேசியே ஆகணும்னா முழுத்திரையும் எழுத்து நிரம்புற என்விஎல் முறைக்கு மாறுங்க, நான் நினைவுக் காட்சிகளுக்கு மட்டும் அதை வச்சேன், நிகழ்காலம் எல்லாம் கீழ்ப்பெட்டி.

வாய் சொல்றத காது மறுக்கட்டும். பொன்னி "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றப்ப அவ காது பின்னாடி படுத்திருக்குன்னு படத்துல தெரிஞ்சாலே போதும், "அவள் சோகமாக இருந்தாள்"னு ஒரு வரி எழுதவே கூடாது. மனுஷ பாத்திரத்துக்கு இல்லாத இந்த வசதி நமக்கு இருக்கு, அதை விட்டுடாதீங்க.

நெருக்கமான காட்சிக்கு நான் வச்ச ஒழுங்கு, ரெண்டு பேர்ல யார் முதல்ல கேக்குறாங்க, மத்தவங்க எப்படி சம்மதம் சொல்றாங்கங்கறது திரையில தெரியணும். பிரியப்போற ராத்திரில இது ரொம்ப முக்கியம், இல்லன்னா யாரோ யாரையோ ஏமாத்துற மாதிரி ஆயிடும். என் கதைல பொன்னிதான் கேக்குறா, "கடைசியா ஒரு தடவை இங்க தூங்கட்டுமா"ன்னு. அவளுக்கு ராத்திரில தூக்கமே வராதுன்னு வாசகருக்கு அதுக்குள்ள தெரியும், மருதுக்கும் தெரியும்.

படம்

வரையுறதுக்கு க்ரிட்டாங்கற மென்பொருள் இலவசம், நல்லா இருக்கு. திரை 1920க்கு 1080ன்னு வச்சுக்கிட்டா பாத்திரத்த அதைவிட ரெண்டு மடங்கு பெருசா வரைஞ்சு அப்புறம் சின்னதாக்குங்க. ஒவ்வொரு உணர்ச்சிக்கும் முழு உடம்பு வரையாதீங்க, ரென்பைல லேயர்டு இமேஜ்னு ஒரு வசதி இருக்கு, உடம்பு 1, காது 3, கண் 3, வாய் 3ன்னு மொத்தம் 10 துண்டு வரைஞ்சா 27 முகபாவம் கிடைக்கும். எருமைக்கு காது பக்கவாட்டுல கொம்புக்கு கீழ நீட்டிக்கிட்டு இருக்கும், கொஞ்சம் தொங்கினாலே சோர்வு தெரியும், முன்னாடி திரும்பினா கவனம். மரநாய்க்கு முகத்துல இருக்குற கருப்பு முகமூடி மாதிரி குறி கண்ண மறைச்சிடும், அதனால கண்ணு வெள்ளைய கொஞ்சம் பெருசா விடுங்க, மீசை மயிர் திசைய மாத்தினா உணர்ச்சி மாறும்.

மயிர ஒவ்வொண்ணா வரைய வேண்டாம், கன்னம், முழங்கை, வால் நுனி, இந்த மூணு இடத்துல கொத்தா காட்டினா கண்ணு மிச்சத்த நிரப்பிக்கும். எருமைக்கு மயிரே கம்மி, தோலுல விழுற வெளிச்சம்தான் முக்கியம். கைய பத்தி முன்னாடியே முடிவு எடுங்க: குளம்பா, விரலா? நான் மருதுக்கு ரெண்டு தடிச்ச விரலும் ஒரு கட்டைவிரலும் வச்சேன், அதனால அவன் டம்ளர ரெண்டு கையாலயும்தான் பிடிப்பான், கயித்து முடிச்ச அவனால அவிழ்க்க முடியாது, அவதான் அவிழ்க்கணும். ஒரு டிசைன் முடிவு கதைய எங்க கொண்டுபோகுது பாருங்க.

வரைய வராதவங்க பாத்திரங்கள முழு கருப்பு நிழலா வையுங்க, காது வால் கொம்பு மட்டும் தெளிவா தெரிஞ்சா போதும், பின்னணிக்கு நீங்களே எடுத்த போட்டோவ நிறம் குறைச்சு போடலாம்.

ரென்பைக்குள்ள

ரென்பை 2004ல இருந்து இருக்குற இலவச ஓப்பன் சோர்ஸ் இன்ஜின், டாம் ரோத்தமெல் ஆரம்பிச்சது. பேரே ஜப்பான் மொழில காதலக் குறிக்கிற ரென்னாய்ங்கற வார்த்தையையும் பைத்தான்ங்கற நிரல் மொழியையும் சேத்து வந்தது. புது ப்ராஜெக்ட் போட்டதும் ஸ்கிரிப்ட் ஃபைல்ல ஸ்டார்ட்ங்கற லேபிள்ல (கதையோட ஒரு பகுதிக்கு வைக்கிற பேரு) இருந்து கதை ஓடும். வரி தள்ளி எழுத 4 ஸ்பேஸ், அதுக்கு பதிலா டேப் எழுத்து விழுந்தா எர்ரர்.

தமிழ்ல பண்றவங்க கவனிங்க, ரென்பையோட கூட வர்ற டெஜாவு ஃபான்ட்ல தமிழ் எழுத்து கிடையாது, எல்லாம் கட்டம் கட்டமா வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு ஃபான்ட கேம் ஃபோல்டருக்குள்ள போட்டு, ஜியுஐ ஃபைல்ல டயலாக், பேரு, பட்டன் மூணு இடத்துலயும் அதோட பேர மாத்துங்க. பழைய வெர்ஷன்ல கொம்பும் காலும் எழுத்த விட்டு தள்ளி விழும், ரென்பை 8ல பிற்பாடு வந்த பதிப்புகள்ல எழுத்த சேத்து வடிவமைக்கிற ஹார்ஃப்பஸ் உள்ள வந்துடுச்சு, அதனால புதுசையே இறக்குங்க. இறக்கினதும் முதல் வேலையா "கொள்கை, ஸ்ரீ, க்ஷ, மௌனம்"னு ஒரு வரி போட்டு ஓட்டி பாருங்க.

இப்ப அசை பட்டன். இதுல நான் 3 நாள் மாட்டிக்கிட்டேன், நீங்க மாட்டக்கூடாதுன்னு விவரமா சொல்றேன். ரென்பைல மவுஸ் வீல மேல உருட்டினா கதை பின்னாடி போகும், ரோல்பேக்னு பேரு. அதையே அசையா பயன்படுத்தலாம்னு நினைச்சு எத்தனை தடவை பின்னாடி போனாங்கன்னு ஒரு வேரியபிள்ல (ஒரு மதிப்ப சேமிச்சு வைக்கிற பேரு) எண்ணினேன். எண்ணவே இல்ல. காரணம், ரோல்பேக் பண்ணும்போது வேரியபிளும் சேந்து பழைய மதிப்புக்கு போயிடும், அதுதான் ரோல்பேக்கோட வேலையே. அதனால ரோல்பேக்க ஆப்ஷன்ஸ் ஃபைல்ல நிறுத்திட்டு, தனியா ஒரு ஸ்கிரீன்ல பட்டன் வச்சு, அழுத்தினா எண்ணிக்கை 1 கூடி நினைவுக் காட்சியோட லேபிளுக்கு குதிக்கிற மாதிரி பண்ணேன். அந்த லேபிள் தொடக்கத்துல எண்ணிக்கைய பாத்து எந்த வரின்னு முடிவாகும், 4 ஆனதும் பட்டன் மறைஞ்சிடும். எண்ணிக்கை வேரியபிள டிஃபால்ட்னு அறிவிங்க, டிஃபைன்னு அறிவிச்சா அது மாறாத மதிப்புன்னு எடுத்துக்கும், சேவ்ல சேராது, லோட் பண்ணவங்களுக்கு கதை குழம்பும்.

வீல் வேலை செய்யாதுன்னு முதல் திரையில சொல்லிடுங்க, இல்லன்னா பழகினவங்க பக்னு நினைப்பாங்க. ஹிஸ்டரி திரை தனி, அது அப்படியே இருக்கட்டும், தவறவிட்ட வரிய அங்க படிச்சுக்கலாம்.

ஸ்ப்ளாஷ்ஸ்கிரீன்னு லேபிள் போட்டா மெயின் மெனுவுக்கு முன்னாடியே அது ஓடும். வயசு கேள்வியும், கதைல என்னென்ன இருக்குங்கற எச்சரிக்கையும் அங்க வையுங்க: பிரிவு, குடி, உடலுறவு குறிப்புன்னு வெளிப்படையா. கூடவே நெருக்கமான காட்சிய தாண்டிப் போறதுக்கு ஒரு ஆப்ஷன், அதை பெர்சிஸ்டென்ட்ல, அதாவது கேம மூடினாலும் அழியாத இடத்துல, சேமிச்சா அடுத்த தடவை மறுபடி கேக்காது. தாண்டிப் போறவங்களுக்கு கறுப்புத் திரை காட்டி விட்டுடாதீங்க, அந்தக் காட்சில கதைக்கு என்ன நடந்துச்சோ அதை ரெண்டு வரில சொல்லுங்க. என் முதல் பதிப்ப படிச்சுப் பாத்த தோழி ஒருத்தங்க தாண்டிப் போனாங்க, அடுத்த காட்சில பொன்னி ஏன் மருது சட்டைய போட்டிருக்கான்னே அவங்களுக்கு புரியல. ஸ்கிப்ப அழுத்தினவங்களும் முழு வாசகர்தான், அவங்களுக்கும் முழுக் கதை போய்ச் சேரணும்.

சத்தம்

பாட்டு இல்லாமலே பண்ணலாம். நான் 6 சத்தம்தான் வச்சேன்: ஃபேன், டேப் கிழிக்கிறது, தண்ணி சொட்டு, ஓட்டு மேல நகம் நடக்குறது, எருமை மூச்சு, கடைசில லாரி. ஆடாசிட்டிங்கற சத்தம் வெட்டுற மென்பொருள்ல வெட்டி ஓஜிஜி ஃபைலா போட்டேன். ஃப்ரீசவுண்ட்ங்கற இலவச சத்தத் தளத்துல எடுத்தா லைசென்ஸ் பாருங்க, சிசி ஜீரோன்னா (நிபந்தனை இல்லாத லைசென்ஸ்) கவலையில்ல, பேரு போடச் சொன்னா க்ரெடிட்ல போடணும், வணிகத்துக்கு கூடாதுன்னு இருந்தா காசுக்கு விக்குற கேம்ல வைக்க முடியாது.

சோதனையும் ரிலீஸும்

ரென்பை திறந்ததும் வர்ற லாஞ்சர் ஜன்னல்ல லின்ட்னு ஒண்ணு இருக்கு, காணாம போன படம், வராத லேபிள், மொத்த வார்த்தை எண்ணிக்கை எல்லாம் சொல்லும், தினமும் ஓட்டுங்க. அப்புறம் 3 பேர்கிட்ட குடுங்க, பக்கத்துல உக்காந்து பேசாம பாருங்க, எந்த வரில வேகமா கிளிக் பண்றாங்களோ அந்த வரி செத்த வரி, வெட்டுங்க. நான் 900 வார்த்தை வெட்டினேன், அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு மழை வர்ணனையும் போச்சு.

தேதி இல்லாம வேலை நகராதுன்னா ஜாம்ல, அதாவது குறிச்ச நாளுக்குள்ள எல்லாரும் ஆளுக்கொரு கேம் செஞ்சு முடிக்கிற நிகழ்வுல, சேருங்க. 2005ல இருந்து மார்ச் மாசம் நடக்குற நானோரெனோ விஷுவல் நாவலுக்குன்னே இருக்கு, ஒரு மாசத்துல ஒரு முழு வேலை. விலங்கு பாத்திர நாவல்களுக்குன்னு மே வுல்ஃப் ஜாமும் இருக்கு. விதிமுறைல அடல்ட் விஷயத்துக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு படிச்சுட்டு சேருங்க.

வெளியிடுறதுக்கு பெரும்பாலும் இட்ச்.ஐஓங்கற கேம் தளம்தான். ஆனா 2025 ஜூலைல நடந்தத தெரிஞ்சு வச்சுக்கோங்க, பணம் கையாளுற கம்பெனிகளோட நெருக்கடியால அங்க அடல்ட்னு குறிச்ச பக்கங்கள் எல்லாத்தையும் தேடல்ல இருந்து எடுத்துட்டாங்க, அப்புறம்தான் இலவசமா இருக்குறத திரும்ப சேக்க ஆரம்பிச்சாங்க. அதே மாசம் ஸ்டீம்ங்கற பெரிய கேம் கடையும் சில அடல்ட் கேம்கள நீக்குச்சு. பல வருஷ உழைப்பு ஒரே ராத்திரில கண்ணுக்கு தெரியாம போனத நினைச்சா எனக்கு இன்னும் மனசு பதறுது. அதனால சின்ன வேலைய இலவசமாவே விடுங்க, அடல்ட்ங்கற குறிய மறைக்காம போடுங்க, முழு ப்ராஜெக்ட் ஃபோல்டரும் பக்கத்துல எழுதின விவரமும் ரெண்டு இடத்துல பேக்கப் இருக்கட்டும்.

பக்கத்துல போடுற முதல் படம் முகமா இருக்கட்டும், உடம்பா வேண்டாம். நான் நிலைக்கால்ல சுத்தின கயிறும் அதுக்கு பக்கத்துல ஒரு கொம்பு நுனியும் மட்டும் போட்டேன். விவரத்துல நீளம் எவ்ளோ, எந்த மொழி, என்னென்ன எச்சரிக்கை, வீல் வேலை செய்யாதுங்கற விஷயம், இது நாலும் மேலயே வந்துடணும். விண்டோஸ், மேக், லினக்ஸ்ல ஓடுற ஜிப் தொகுப்ப லாஞ்சரே போட்டுக் குடுக்கும், ஜிப்ப உங்க கம்ப்யூட்டர்ல இல்லாம வேற ஒருத்தரோடதுல திறந்து ஃபான்ட் சரியா வருதான்னு பாத்துட்டு ஏத்துங்க.

ரிலீஸ் ஆன முதல் வாரத்துல எழுத்துப்பிழை சொல்லி மெசேஜ் வரும், வரிய மட்டும் திருத்துங்க, லேபிள் பேர மாத்தாதீங்க, மாத்தினா பாதில சேவ் பண்ணி வச்சவங்களோட ராத்திரி லாரி வர்றதுக்கு முன்னாடியே நின்னு போயிடும்.